ஊசி போன வழி

பூத்தையல் சட்டத்தின் முன் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களில் சிலரை எனக்கு முகமாகத் தெரியும். மற்றவர்களைக் கையாகத்தான் தெரியும். செல்வி வேலையைப் படம் எடுத்து போனில் அனுப்பும்போது ஓரத்தில் ஒரு கை விழுந்திருக்கும்: மருதாணி மங்கிய விரல், மோதிரத்தைக் கழற்றி வைத்த தடம், நகக்கண்ணில் ஒட்டிய ஒற்றைச் சமிக்கி. அந்தக் கைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனிந்து வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு திருநகரில் நம் தையல் மாடியை விட்டு இறங்கியவள் நான். ஓய்வு என்று பெயர். விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் முந்தானை பறந்து வந்து மடியில் விழுந்தால், ஓரத்தைத் திருப்பி முடிச்சைப் பார்க்கின்றன. கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். எதிரே பரிமாறும் பெண்ணின் ரவிக்கைக் கையில் எந்த இடத்தில் நூல் மாறியிருக்கிறது என்று கண் தேடிக்கொண்டிருக்கும். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன்.

"புதுப் பிள்ளைக வந்திருக்குக்கா. ஊசி பிடிக்க நாங்க சொல்லிக் குடுத்துக்கிருவோம். மத்ததை நீங்க எழுதிக் குடுங்க," என்றாள் செல்வி.

"மத்ததுன்னா எதுடீ?"

"அதான்... அந்தக் கவுன் சங்கதி."

"உன் பேரு வருமே."

"வரட்டும். பேரைப் போட்டே எழுதுங்க. என்னைப் பாத்துப் பயப்படுறாளுக. கொஞ்சம் பயம் தெளியட்டும்."

இன்றைக்கு அந்த மாடியை நடத்துகிறவள், உங்கள் வேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு தையலைக்கூட மன்னிக்காதவள், அந்தச் செல்விதான். ஆகவே சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. நூலுக்கும் துணிக்கும் மனசு உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து பாருங்கள். பட்டு நூல் சீராட்டுக்குப் பிறந்தது. உள்ளங்கையில் சொரசொரப்பு இருந்தால் இழை இழையாகச் சிலிர்த்துக்கொள்ளும். பாத்திரம் தேய்த்த கையோடு வந்தால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். ஜரிகை ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான், எவ்வளவு கெஞ்சினாலும் நிமிராது. நெட் துணியில் தைப்பது காற்றில் கோலம் போடுவது மாதிரி. பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத இடம்தான். அழகர் திருவிழாவுக்கு வேடம் கட்டுகிறவர்கள் கொண்டுவரும் வெல்வெட் இருக்கிறதே, அது ஒரு பக்கம் தடவினால் ரத்தச் சிவப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் மாதுளம்பழம். எந்தச் சிவப்பில் பூப் போடுவது என்று நாம் திகைத்து நிற்போம். பருத்தி நூல் ஒன்றுதான் எதற்கும் அலட்டிக்கொள்ளாது. நம் வீட்டு ஆள் போல வந்து உட்கார்ந்துகொள்ளும், நைந்தாலும் சொல்லாமல் நையும்.

இதெல்லாம் ஒரு வருஷத்தில் கைக்கு வந்துவிடும். வர நாளாவது இன்னொன்று. பிரிப்பது.

நம் தொழிலில் பாதி பிரிப்புதான். சங்கிலித் தையல் ஓர் இடத்தில் கோணினால் அதோடு விட்டுவிடாது. அடுத்த கண்ணியையும் கோணலாக்கிக்கொண்டே போகும். உடனே பிரிக்க வேண்டும். மனசு கேட்காது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கை தயங்கும். தயங்காமல் பிரிக்கிறவள்தான் நல்ல வேலைக்காரி என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. செல்வி அப்படிப் பிரிக்கிறவள். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். தோட்டத்தில் களை பறித்துப் பழகிய கை. தப்பான நூலையும் களை மாதிரியே பறிக்கும். வேரோடு.

ஓர் ஆவணி மாதம். முகூர்த்தக் காலம். மாடியில் எல்லாச் சட்டத்திலும் கல்யாண ரவிக்கைகள், பட்டுத்துணிகள் வெட்டப்படாமல் விறைத்துக் கிடந்தன. அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை. பிள்ளை பெற்று லீவில் இருந்தாள். தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பை. பையிலிருந்து வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து, சட்டத்தின் மேல் வைக்காமல், என் மடியில் வைத்தாள்.

குழந்தைக் கவுன். ஆர்கண்டித் துணி. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பருத்திதான், ஆனால் கொசுவலை போல மெல்லிசு, காகிதம் போல விறைப்பு. மார்புப் பட்டியில் ஒரு கொடி, கொடி நெடுக சின்னச் சின்ன நீலப் பூக்கள். வெள்ளை பழுப்பேறி, நீலம் வெளுத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் சந்திக்கும் தூரத்தில் இருந்தன. அங்கங்கே நூல் விட்டிருந்தது.

"நான் பொறக்குறதுக்கு முந்தி எங்கம்மா பூப் போட்டதுக்கா. மிஷன் ஸ்கூல்ல படிச்சப்ப தையல் கத்துக்கிட்டாங்களாம். இதைப் போட்டுத்தான் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. இவளுக்கும் இதுதான் போடணும். வர்ற ஞாயித்துக்கிழம."

"அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, தாயி."

"அவங்க இல்லக்கா. எனக்கு அப்ப நடை வந்திருச்சாம், பேச்சு வரலையாம். அப்பவே போயிட்டாங்க." அழாமல் சொன்னாள், பல தடவை சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. "போட்டோ இருக்கு. குரல் இல்ல. அவங்க கைபட்டதுன்னு எங்க வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு."

பக்கத்துச் சட்டத்திலிருந்து செல்வி எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா படி இறங்கியதும் எழுந்து வந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கவுனின் ஓரத்தை மட்டும் தொட்டாள்.

"நான் பாக்குறேன்க்கா இதை. வேற யாருக்கும் குடுக்காதீங்க."

"நூல் விட்ட எடத்தை மட்டும் பிடிச்சுக் குடு. போதும்."

"தெரியும்க்கா. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் தங்கை பேரனுக்கு அழகர்கோவிலில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். போய்விட்டேன். அதற்கடுத்த நாள் காலை மாடி ஏறும்போதே செல்வி வாசலில் நின்றிருந்தாள். முகம் பூத்திருந்தது.

"அக்கா, கண்ணை மூடுங்க."

"என்னத்த கண்ணை மூட? வயசுக்கு ஏத்த வெளையாட்டா வெளையாடு."

"சரி, தெறந்துக்கிட்டே வாங்க."

சட்டத்தின் மேல் கவுன் கிடந்தது. வெறும் வெள்ளை. கொடி இல்லை. பூ ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் புதிய நீல நூல்கண்டு, உறை பிரிக்காமல். கீழே பிளாஸ்டிக் வாளியில் கஞ்சி கரைத்து வைத்திருந்தாள்.

"முழுசாப் பிரிச்சுட்டேன்க்கா. ஒரு எழை கிழியல, துணிக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க. பூவெல்லாம் ஒரே கோணலு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கொடி ஒரு எடத்துல ஏறுது, ஒரு எடத்துல எறங்குது. பாவம், அவங்க எம்புட்டு ஆசையாப் போட்டாங்களோ, கை வரல. கஞ்சில முக்கி அயர்ன் பண்ணிட்டு, அதே பூவை அச்சடிச்ச மாதிரிப் போட்டுக் குடுத்துருவேன். அந்தப் பிள்ளை அசந்துரும்."

எனக்குத் திட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் கண்ணில் இருந்தது அலட்சியம் இல்லை, அன்பு. தெரியாத ஒரு தாய்க்குத் தன் கையிலிருந்து நல்ல தையலைக் கடன் கொடுக்கிற அன்பு. கவுன் அவள் கையில் சட்டத்திலிருந்து வாளிக்குப் போகக் கிளம்பியது. அப்போதுதான் கத்தினேன்.

"நனைக்காத! கீழ வை."

வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவுனைப் பார்த்தாள். பூத்திருந்த முகம் மெல்ல மெல்லக் கூம்பியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "அவங்க கைபட்டதுன்னு..." என்று அவளே ஆரம்பித்து, முடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரித்த நூலைத் தேடிக் குப்பைப் பையைக் கொட்டினோம். பின்பக்கத்திலிருந்து பிளேடால் அறுத்து, இடுக்கியால் இழுத்திருந்தாள். அரிசி நீளத்துக்குக்கூட ஒரு துண்டு இல்லை. இருந்த துண்டுகளும் தொட்டால் தூளாயின.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். நெருக்கடி வந்தால் கைக்கு முதலில் தோன்றுவது வேலை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். துணி வந்ததும் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம்.

"படம் இருக்குக்கா. பெருசு பண்ணிப் பாத்தா ஒவ்வொரு தையலும் தெரியுது. கோணல் உட்பட அப்படியே போட்டுருவேன். நூலை டீத்தண்ணில நனைச்சா நெறமும் வந்துரும். அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வேணாம். தெரிஞ்சா தாங்குமாக்கா அது? பச்சப்பிள்ளைக்காரி."

அவளால் முடியும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஜெசிந்தா வருவாள், வாங்குவாள், கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள், மாதா கோவிலில் எல்லாரும் பார்த்துப் பூரித்துப் போவார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சட்டத்துக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். கீழே திருமங்கலம் ரோட்டில் பஸ்கள் அலறிக்கொண்டு போயின.

"செல்வி, அந்தக் குழந்தை வளரும்ல?"

"ம்."

"ஒருநாள் அந்தப் பூவுல வெரலை வச்சு, இது உங்க அம்மாச்சி போட்டதுன்னு ஜெசிந்தா சொல்லுவா. அந்தக் குழந்தை அதைத் தன் பிள்ளைக்குச் சொல்லும். அந்தப் பொய்யை நாம தச்சுக் குடுக்குறதா?"

அவள் நூல்கண்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

போனில் சொல்லவில்லை. ஒருதரம் வந்து போக முடியுமா என்று மட்டும் கேட்டேன். இதையும் நினைவில் வையுங்கள்: கெட்ட செய்தியைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மற்றப் பெண்களைச் சாப்பிட அனுப்பியிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொல்லாதீங்க. நான் பிரிச்சது. நானே சொல்றேன்."

ஜெசிந்தா சட்டத்தின் மேல் கிடந்த கவுனைப் பார்த்தாள். சிரித்தாள். "அட, இது யாரோடது? என்னோடது மாதிரியே இருக்கு. என்னோடது எங்க?"

அந்தக் கேள்வியைவிட ஓர் அடி வாங்கியிருக்கலாம்.

"இதான் உங்களோடது," என்றாள் செல்வி. "பூவை நான் பிரிச்சுட்டேன். எல்லாத்தையும்."

"பிரிச்சுட்டீங்கன்னா? வச்சிருக்கீங்கள்ல? அந்த நூல்?"

"இல்லம்மா. தூளாப் போச்சு."

ஜெசிந்தா குரலை உயர்த்தாமல், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு கோபப்பட்டாள். அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உங்களை யாரு பிரிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கோணலா இருந்துச்சு. நல்லாப் போட்டுத் தருவோம்னு..."

"கோணலா இருந்தா உங்களுக்கென்ன? அதுதான எங்கம்மா."

செல்வி தலை குனிந்தபடி நின்றாள். சாக்குச் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஜெசிந்தா கவுனை வெள்ளைத் துண்டில் சுற்றினாள், பையில் திணித்தாள், படியை நோக்கித் திரும்பினாள். போயிருப்பாள். குழந்தை விழித்துக்கொண்டது. பசி. மாடியே இரண்டாகிற அழுகை.

பச்சைப்பிள்ளைக்காரியின் கோபத்துக்கு மேல் ஒன்று இருக்கிறது, அது பிள்ளையின் பசி. நான் ஸ்டூலை மூலையில் இழுத்துப் போட்டேன். செல்வி ஓர் ஓரத்துச் சட்டத்தைத் தூக்கி வந்து மறைப்பாக நிறுத்தினாள். யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டில் பாதி தைத்த மயில் ஒன்று அதில் இருந்தது. அந்த மயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெசிந்தா பால் கொடுத்தாள். அழுகை நின்றது. அவள் அழுவது மட்டும் கேட்டது.

"ஜெசிந்தா, அந்தக் கவுனை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பையை மட்டும் காலால் மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

ஜன்னலில் பகல் வெயில் பளீரென்று நின்றது. கவுனை விரித்து அதற்கு நேராகப் பிடித்தேன். நான் எதற்காக நனைக்காதே என்று கத்தினேனோ, அது இருந்தது. ஆர்கண்டி விறைத்த துணி. ஊசி ஒருமுறை போய் வந்தால் துளை அப்படியே நிற்கும். நனைத்துத் தேய்த்தால்தான் இழைகள் மறுபடி சேர்ந்து மூடும். வெள்ளையில் வெளிச்சப் புள்ளிகளாக ஒரு கொடி ஓடியது. பூக்கள் ஒவ்வொன்றும் வட்டமாக, முக்கால் வட்டமாக, வட்டமே ஆகாமல், வெளிச்சத்தால் குத்தப்பட்டு நின்றன.

"இங்க வந்து பாரேன் தாயி. பூ போயிருச்சு. ஊசி போன வழி போகல."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஒரு விரலைத் துணியின் பின்பக்கம் வைத்தாள். அந்த இடத்தில் புள்ளிகள் அணைந்தன. விரலை எடுத்தாள், எரிந்தன. அதை அவள் பல முறை செய்தாள்.

"இதே ஓட்டை வழியாத் திருப்பிப் போட முடியுமாக்கா?"

"முடியும். ஆனா அது உங்கம்மா போட்டதா ஆகாது. அதை நான் உனக்குச் சொல்லிரணும்."

"தெரியும்." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "ஆனா அவங்க போன வழியிலதான போகும்?"

"ஆமா."

"அப்ப நீங்க போடுங்க."

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. என் கழுத்து அப்போதே தகராறு செய்துகொண்டிருந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மையான காரணத்தையே சொன்னேன். "நான் போட்டா நல்லாப் போடுவேன். செல்வி போட்டா பயந்து போடுவா. இந்தத் துணிக்கு இன்னைக்குப் பயந்த கைதான் வேணும்."

ஜெசிந்தா செல்வியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "என் முன்னாடி போடணும். நான் இங்கயேதான் இருப்பேன்."

செல்வி கை கழுவிவிட்டு வந்தாள். கொக்கி முனை வைத்த ஆரி ஊசியை எடுக்கவில்லை. சாதாரணத் தையல் ஊசி, அதிலும் மெல்லிசு. ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, வெளிச்சம் கீழிருந்து வருகிற மாதிரி மடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஜெசிந்தா எதிரே ஸ்டூலில். குழந்தை என் மடிக்கு வந்தது. பால் வாசனையும் கொட்டாவியுமாக என் சேலையில் இருந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டது.

நேராகத் தைக்கப் பழகிய கை கோணலாகத் தைப்பதை நீங்கள் பார்த்ததில்லை. செல்வியின் ஊசி ஒவ்வொரு முறையும் துளையை விட்டுவிட்டு, எங்கே இருந்திருக்க வேண்டுமோ அந்த இடத்துக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"பூவைப் பாக்காத. ஓட்டையைப் பாரு," என்றேன்.

"அதைத்தான்க்கா பாக்குறேன். கை கேக்க மாட்டேங்குது." மூக்கு நுனியில் வேர்வை நின்றது. "கோணலாத் தைக்கிறது இம்புட்டுக் கஷ்டமா? இத்தனை வருசத்துல யாராச்சும் சொன்னீங்களா?"

ஜெசிந்தாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

முதல் பூ முடிந்தபோது செல்வியின் தோள் தளர்ந்தது. இரண்டாவது பூவில் கை துளைக்குப் பணிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "இங்க பாருங்க, பொடிப் பொடியாக் குத்தியிருக்காங்க. நல்ல வெளிச்சம் இருந்திருக்கு. காலைல போட்டிருப்பாங்க." கொஞ்சம் தள்ளி, "இங்க நீட்ட நீட்டமா ஓடுது. அடுப்புல என்னமோ வச்சிருக்காங்க."

"பொங்கியிருக்கும்," என்றேன் நான்.

"பால்தான். பால்தான் இப்படி ஓட விடும்."

ஜெசிந்தா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். செல்வியின் முழங்காலுக்குப் பக்கத்தில் முழங்கால். "இங்க?" என்று ஒரு பூவைக் காட்டினாள். அதன் மையத்தில் ஒரே துளையைச் சுற்றிப் பல துளைகள் நெருங்கியிருந்தன.

செல்வி குனிந்து பார்த்தாள். "இங்க பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. திருப்தியாகல." சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிரித்து என்ற சொல் அவள் வாயிலேயே இடறியது.

"எங்கம்மாவும் பிரிப்பாங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"தையக்காரின்னா பிரிக்கத்தான் செய்வா."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். வெகுநேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. நூல் இருந்தப்ப நான் பூவைத்தான் பாத்தேன்," என்றாள். அவள் அக்கா என்று சொன்னது என்னை இல்லை.

சாப்பிடப் போன பெண்கள் திரும்பிவந்து, எதுவும் கேட்காமல், தங்கள் தங்கள் சட்டத்தில் உட்கார்ந்தார்கள். மயில் அதன் இடத்துக்குப் போனது. குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. கால் மரத்துப்போய் நான் அசையாமல் இருந்தேன். கொடி பட்டியின் நடுவுக்கு வந்தது. அங்கே ஓர் இடத்தில் செல்வியின் ஊசி நின்றது. துளைகள் வரிசையாக வந்து, சட்டென்று ஒன்று மட்டும் வழியை விட்டு மேலே எகிறியிருந்தது. அடுத்தது மறுபடி வரிசையில் இருந்தது. பிரித்த அடையாளமும் இல்லை.

"இது என்ன, கை நழுவிருச்சா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

செல்வி விரல் நுனியால் அந்த ஒற்றைத் துளையைத் தடவினாள். அவள் முகத்தில் காலையில் கூம்பியது இப்போது மெல்ல அவிழ்ந்தது.

"நழுவலம்மா. எனக்கு மூத்தவன் வயித்துல இருக்கப்ப, சட்டத்து முன்னால உக்காந்தா இப்படித்தான். ஊசி எறங்குற நேரமாப் பாத்து ஒரு எத்து எத்துவான். கை தானா மேல போயிரும்." ஊசியை அந்தத் துளைக்கு நேராகப் பிடித்தாள். "இங்க பிள்ளை ஒதைச்சிருக்கு."

ஜெசிந்தாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானா?"

"பின்ன, நானா?" என்றாள் செல்வி. என்றவள், வழியை விட்டு எகிறிய அந்தத் துளையில், கொஞ்சமும் நேராக்காமல், ஊசியை இறக்கினாள்.